வாசகர் கேள்வி-பதில்: எந்த வளைவில் நிற்பது?

கார்ப் பந்தயம் பார்க்கப் போவது குறித்துச் சென்ற இதழில் எழுதிய சில வரிகளைப் படித்துவிட்டு, நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சிலர் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லாருக்கும் ஊரை மட்டுமே குறித்திருக்கிறேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்திருக்கும் என் மகன், ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் ஒன்றை நேரில் காட்டும்படி ஓராண்டாகக் கேட்டு வருகிறான். இரவெல்லாம் ரயிலில் போய், பகலெல்லாம் வெயிலில் உட்கார்ந்தாலும் கார்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பதே மேல் என்று அலுவலக நண்பர்கள் சொல்கிறார்கள். பார்வையாளர் அங்கே உண்மையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? (அம்பாசமுத்திரம்)

பதில்: தங்கள் நண்பர்கள் சொல்வது, நேர்ச்சாலையின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முழுவதும் பொருந்தும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 69 மீட்டர் கடந்துவிடுவதால், அதன் எண்ணைப் படிப்பதற்குள் அது கண்ணை விட்டு அகன்றுவிடும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு முதன்முறை சென்றபோது, தொடக்கக் கோட்டுக்கு எதிரே இடம் பிடிப்பதுதான் சிறந்தது என்று நம்பி, நானும் காலை முழுவதும் அங்கேயே இருந்தேன். கழுத்து வலித்ததே தவிர, யார் யாரை எப்படி முந்தினார்கள் என்பது எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. மதியத்துக்கு மேல், பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "தம்பி, வளைவைப் பார்க்கிற இடத்துக்குப் போய் நில்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். பந்தயம் என்றால் என்ன என்பதை அன்று பிற்பகலில்தான் கண்டேன்.

நமக்கு இது புதிய செய்தியும் அன்று. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நேர் வீதியில் வரும்போது வடம் பிடிப்பவர்களின் பலம் தெரிகிறது. வாகையடி முக்கில் அது திரும்பும்போதோ, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர்களின் கணக்கும் துணிச்சலும் ஒருங்கே தெரிகின்றன; அதனால்தான் கூட்டம் அந்த முனையில் அப்படி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. கார்ப் பந்தயத்திலும் நேர்ச்சாலையில் வெளிப்படுவது பெரும்பாலும் என்ஜினின் பலமே. ஓட்டுநரின் திறமையைக் காண வேண்டுமானால் வளைவுக்குத்தான் போக வேண்டும்.

நீண்ட நேர்ச்சாலை முடிந்து, கூர்மையான வளைவு தொடங்கும் இடம் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அந்த வளைவுக்கு முன்பாக, எஞ்சியிருக்கும் தூரத்தைக் குறிக்கும் 150, 100, 50 என்ற மீட்டர்ப் பலகைகள் சாலையோரத்தில் நிற்பது வழக்கம். எந்தக் கார் எந்தப் பலகைக்கு நேராக வரும்போது அதன் பின்விளக்கு சிவக்கிறது என்று பாருங்கள். ஒருவர் 150-க்குச் சற்று உள்ளே பிரேக் போடுவார். மற்றொருவர் 100-ஐத் தொடும் வரை காலை எடுக்க மாட்டார். அந்த வேகத்தில் ஒரு விநாடிகூட இல்லாத அந்த வேறுபாட்டில்தான் முந்துவதும் பின்தங்குவதும் முடிவாகின்றன. பிரேக் பிடித்ததும் எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்களின் மேல் சாய்ந்து, காரின் மூக்கு தாழ்வதைக் கண்ணாலேயே காணலாம். பிறகு கார் சாலையின் வெளிவிளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு வந்து, ஓட்டுநர்கள் ஏபெக்ஸ் என்று சொல்லும் புள்ளியைத் தொட்டு, மறுபடியும் வெளிவிளிம்பு வரை விரிந்து ஓடும். வளைவை இயன்ற அளவு நேராக்கிக்கொள்ளும் வழி அதுதான். வேகம் 80 கி.மீ.க்குக் குறையும் இடத்தில் ஒரு விநாடிக்குக் கார் கடப்பது 22 மீட்டர்தான் என்பதால், ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் செய்யும் சிறு திருத்தங்கள்கூடத் தெரியும். இந்த ஒன்றைத் தொலைக்காட்சி இதுவரை எனக்குக் காட்டியதில்லை.

பந்தயம் வளர வளரச் சாலையும் மாறும். டயர்களிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்குகள் ஓட்டுநர்கள் செல்லும் தடத்துக்கு வெளியே குவிந்துவிடும். தடம் மட்டும் கறுப்பாகி, நல்ல பிடிப்புள்ளதாக இருக்க, அதை விட்டு விலகியவர் மணலில் கால் வைத்ததுபோல் சறுக்குவார். காலையில் வெளிப்பக்கமாக முந்த முடிந்த அதே வளைவில், பிற்பகலில் அப்படி முந்த எவரும் துணியாததை மகனுக்குக் காட்டுங்கள்.

அவனிடம் ஒரு நோட்டும் நிறுத்துக்கடிகாரமும் கொடுங்கள். கைபேசியில் உள்ளதே போதும். ஒரு கம்பத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, முன்னால் செல்லும் காருக்கும் அவன் விரும்பும் காருக்கும் இடையே எத்தனை விநாடி என்று ஒவ்வொரு சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து விநாடி நாலரையாகி, நான்காகி, மூன்றாகும்போது, இன்னும் எத்தனை சுற்றில் எட்டிப் பிடிக்கும் என்று அவனே கணக்கிடத் தொடங்குவான். அதன்பிறகு அவனை அந்த இடத்திலிருந்து எழுப்புவதுதான் கடினமாக இருக்கும்.

இனிப் பயணம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் நெடுங்காலம் பந்தயங்களை நடத்திய அந்தக் கிளப், பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தளம் அமைத்தது. 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்ட தளம் அது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால், அதிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, வெளிவட்டச் சாலை வழியாகப் போய்விடலாம். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில், விமான விபத்தில் மறைந்த பந்தய வீரர் கரிவரதன் பெயரில் அமைந்த 2.1 கி.மீ. தளமும் உண்டு, முதல்முறை பார்ப்பவருக்குச் சிறிய தளம் மிகவும் ஏற்றது, ஏனெனில் பார்த்த கார் விரைவில் மறுபடியும் கண்முன் வந்துவிடும். ஒன்றை மட்டும் முன்கூட்டியே மகனிடம் சொல்லி வையுங்கள். நம் மாநிலத் தளங்களில் தேசியப் போட்டிகளின்போது பெரும்பாலும் ஓடுபவை நாம் சாலையில் பார்க்கும் கார்களின் உருவிலான சலூன் கார்களும், ஒருவர் மட்டும் அமரும் ஃபார்முலா கார்களுமே. பளபளக்கும் பெரிய ஸ்போர்ட்ஸ் கார்களை எதிர்பார்த்துப் போய் அவன் முகம் வாடக் கூடாது. பிரேக், தடம், வளைவு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கட்டுச்சோறு, தொப்பி, தேவைக்கு இருமடங்கு தண்ணீர் ஆகியவற்றோடு புறப்படுங்கள். உணவு எடுத்துச் செல்ல அனுமதி உண்டா என்பதை நுழைவுச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் அதிவேகக் கார்களும் அவற்றைவிட மெதுவான கார்களும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் ஓடுகின்றன. முதலில் செல்பவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? சமமில்லாதவற்றைச் சேர்த்து ஓட விடுவது நியாயமா? (கயத்தாறு)

பதில்: தங்கள் ஊர்ப் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவைக் கொண்டு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பரிசு வைக்கிறோம். பூஞ்சிட்டில் வென்ற சாரதியைப் பெரிய மாட்டு வண்டியோடு ஒப்பிட்டு எவரும் குறைத்துப் பேசுவதில்லை. ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்திலும் அப்படித்தான், ஒரே ஒரு வேறுபாடு உண்டு: நாம் பிரிவுக்குப் பிரிவு தனியாக ஓட விடுகிறோம், அங்கே எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து ஓட விடுகிறார்கள்.

பிரான்சில் 1923-ஆம் ஆண்டு தொடங்கிய லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்று 13.626 கி.மீ. நீளமுடையது. 2024-இல் அங்கே ஓடிய 62 கார்களில், ஹைப்பர்கார் என்னும் அதிவேக முதற்பிரிவில் 23, பந்தயத்துக்கென்றே கட்டிய எல்எம்பி2 பிரிவில் 16, விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களிலிருந்து உருவாக்கிய எல்எம்ஜிடி3 (சுருக்கமாக ஜிடி3 அல்லது ஜிடி) பிரிவில் 23 இருந்தன. முதற்பிரிவுக் கார் ஒரு சுற்றை முடிக்கும் நேரத்துக்கும் ஜிடி3 கார் முடிக்கும் நேரத்துக்கும் அரை நிமிட அளவில் வேறுபாடு இருப்பதால், சில சுற்றுகளுக்கு ஒருமுறை வேகமான கார் மெதுவான காரை மறுபடியும் கடந்தாக வேண்டும். காரின் எண் பலகையின் நிறத்தைக் கொண்டு பிரிவை அறியலாம். அங்கே ஹைப்பர்காருக்குச் சிவப்பு, எல்எம்பி2-க்கு நீலம், ஜிடி காருக்கு ஆரஞ்சு நிறம்.

நியாயமா என்ற கேள்விக்கு என் விடை: அந்தக் கலப்புதான் இந்தப் பந்தயத்தின் உயிர். வேகமான காரின் ஓட்டுநர், இரண்டு ஜிடி கார்கள் தமக்குள் போட்டியிட்டுக்கொண்டு வளைவை அடைத்து வரும்போது, இப்போதே முந்துவதா, வளைவு முடியும் வரை பொறுப்பதா என்று நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டும். பொறுத்தால் இரண்டு விநாடி போகும். அவசரப்பட்டால் காரே போகும். ஜிடி ஓட்டுநரோ முன்னால் உள்ள பகையையும் பின்னால் வரும் வேகத்தையும் ஒருசேரக் கவனிக்க வேண்டும். அவருக்கு உதவுவதற்காகத்தான், வேகமான கார் நெருங்குகிறது என்று வளைவோரத்தில் நீலக் கொடியை அசைக்கிறார்கள்.

ஜிடி3 பிரிவுக்குள் கார்களைச் சமன்செய்யும் ஏற்பாடும் உண்டு. போர்ஷே 911 என்ஜினைப் பின்பக்கத்தில் வைத்திருக்கிறது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி பெரிய எட்டு சிலிண்டர் என்ஜினை முன்னால் வைத்திருக்கிறது. ஃபெராரி 296, என்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பூட்டிய ஆறு சிலிண்டரோடு வருகிறது. இப்படி அமைப்பில் வேறுபட்ட கார்களை ஒரே நிலைக்குக் கொண்டுவருவதற்காக, வேகமானதற்கு எடை கூட்டியும் என்ஜின் ஆற்றலைக் கட்டுப்படுத்தியும் அமைப்பாளர்கள் சரிசெய்கிறார்கள். பார்வையாளருக்கு இதில் ஓர் இன்பம் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள்: மெர்சிடிஸின் அடிவயிற்று உறுமலும், போர்ஷேயின் உயர்ந்த கிறீச்சொலியும், டர்போ காரின் அடங்கிய குரலும் தனித்தனியே பிரிந்து கேட்கத் தொடங்கும்.

இந்தப் பந்தயங்களில் ஒரு காரை மூவர் அல்லது நால்வர் மாறி மாறி ஓட்டுவார்கள். எனவே ஒருவர் பெயரைத் தேடாமல், காரின் எண்ணைத் தொடருங்கள். நம் மண்ணின் பெயர்களும் இவற்றில் உண்டு. சென்னையின் கருண் சந்தோக் 2012-இல் லே மான்ஸில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர் பங்கேற்ற கார் ஆறாம் இடத்தில் முடித்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், கோவையின் நாராயண் கார்த்திகேயன் அங்கே தகுதி பெற்றிருந்தும், பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் எனப்படும் கார் பராமரிப்பு இடத்தின் சுவரைத் தாண்டும்போது விழுந்து, தோள்மூட்டு விலகியதால் ஓட்ட முடியாமல் போனார். அவருடைய தோழர்கள் இருவர் மட்டுமே 24 மணி நேரத்தையும் பகிர்ந்து ஓட்டி முடித்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் தரும் செய்தி அது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பேரனும் பேத்தியும் தங்கள் சித்தப்பாவோடு பந்தயம் பார்க்கப் போகப் போகிறார்கள். பார்க்க வருபவர்களுக்கு ஆபத்து உண்டா? (திசையன்விளை)

பதில்: அம்மா, தாங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. 1955 ஜூன் மாதம் லே மான்ஸில், பியர் லெவே ஓட்டிய மெர்சிடிஸ் கார் மற்றொரு காரின் மேல் ஏறித் தூக்கியெறியப்பட்டுச் சிதறியதில், அவரோடு 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு பார்வையாளரைச் சாலையிலிருந்து விலக்கி வைப்பதில் உலகெங்கும் பெரிய மாற்றங்கள் வந்தன. இன்று நிலையான தளங்களில், சாலைக்கும் மக்களுக்கும் இடையே சறுக்கும் காரை நிறுத்த வெற்றிடம், டயர் அடுக்கு அல்லது இரும்புத் தடுப்பு, அதற்குப் பின்னால் உயரமான கம்பி வேலி ஆகியவை அடுத்தடுத்து இருக்கின்றன.

ஆனால் அந்த ஏற்பாடுகளெல்லாம், குறித்த இடத்தில் நிற்பவருக்கு மட்டுமே காவல். நம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயங்களில் இளைஞர்கள் சாலைக்குள்ளேயே இறங்கி நின்று ஆரவாரம் செய்வதையும், இருசக்கர வாகனங்களில் வண்டிகளைத் தொடர்வதையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கம் இங்கே ஒரு கணம்கூட ஆகாது. வேலியில் ஏறக் கூடாது, வேலிக் கம்பியின் இடையே கைபேசியை நீட்டக் கூடாது, காவலர் விலகச் சொன்னால் வாதாடாமல் விலக வேண்டும் என்று குழந்தைகளின் சித்தப்பாவுக்குத்தான் முதலில் சொல்லுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது காதைப் பற்றி. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் நெடுநேரம் இருந்தால் செவித்திறன் கெடும். பந்தயக் கார்களின் ஒலி அதைத் தாண்டக்கூடியது. சிறுவர்களுக்குப் பஞ்சு அடைத்து அனுப்புவது போதாது. காதை முழுவதும் மூடும் கவசம் வாங்கிக் கொடுங்கள், பெரியவர்களுக்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற அடைப்பான் போதும். அதைப் போட்ட பிறகும் பந்தயத்தின் ஒலி நன்றாகவே கேட்கும்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில் அங்கே நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நண்பர்களோடு போக எண்ணம். முழு நேரமும் இருப்பது விடுப்பு இல்லாததால் இயலாது. எந்த நேரத்தில் போவது? (மேலப்பாளையம்)

பதில்: துபாய் ஆட்டோட்ரோம் பந்தயத் தளத்தில் 2006 முதல் நடந்துவரும் அந்தப் பந்தயத்தை நம் மக்கள் பலர் 2025 ஜனவரிக்குப் பிறகே அறிந்தார்கள். நடிகர் அஜித்குமாரின் அணி அந்த ஆண்டு தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியும் பந்தயம் என்பதால், தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்த்துத் திரும்புபவர்களே பலர். என் எண்ணம் வேறு. ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால், கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகப் போய், நள்ளிரவு வரை இருங்கள். தாழ்ந்த வெயில் ஓட்டுநரின் கண்ணில் நேராக அடிக்கும் நேரம் அது. பிரேக் போடும் இடங்கள் பின்வாங்குவதைக் காணலாம். இருட்டிய பிறகு கனத்த பிரேக் தேவைப்படும் வளைவுக்குச் செல்லுங்கள். சக்கரங்களுக்குள் பிரேக் தட்டுகள் கொல்லன் உலையில் காய்ந்த இரும்புபோல் செந்நிறமாய் ஒளிர்ந்து, கார் வளைவை விட்டு வெளியேறும்போது மெல்ல மங்கும். பகலில் நீங்கள் ஊகித்த வேலையை இரவில் நெருப்பாகவே பார்ப்பீர்கள். இரவுக்குப் போர்வை எடுத்துச் செல்லுங்கள். ஜனவரியில் அங்கே குளிரும்.

கேள்வி: நண்பர்களோடு ஒருமுறை பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை. அதற்குப் பணம் ஏராளம் வேண்டும் என்கிறார்கள். கன்னியாகுமரி நால்வழிச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பழகலாமா? (பாளையங்கோட்டை)

பதில்: வேண்டாம், தம்பி. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேலே நான் எழுதிய வெற்றிடம், டயர் அடுக்கு, கம்பி வேலி எதுவும் அந்தச் சாலையில் கிடையாது. விடியற்காலையில் அங்கே இருப்பவர்கள் பால் கொண்டு செல்பவர்களும், பூச்சந்தைக்குப் போகிறவர்களும், குறுக்கே திரும்பும் டிராக்டர்களும்தான். அவர்களில் எவரும் உன்னோடு பந்தயத்துக்குச் சம்மதித்தவர்கள் அல்லர். உனக்கு எதிரே நீலக் கொடியோ மஞ்சள் கொடியோ அசைத்து எச்சரிக்கவும் ஆள் இல்லை.

ஓட்டுவதற்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. அதை மறைத்து உனக்கு ஆசை காட்ட மாட்டேன். கார்ட்டிங் என்னும் சிறுவண்டிப் பயிற்சியில் தொடங்கி, உரிமம் பெற்று, படிப்படியாகத்தான் செல்ல முடியும். ஆனால் பணம் இல்லாதவர்களுக்கும் பந்தயத்துக்குள் ஒரு வாசல் இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு நிற்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். முன்னால் விபத்து என்றால் மஞ்சள் கொடி காட்டி முந்துவதைத் தடுப்பதும், சாலையில் எண்ணெய் சிந்தியிருந்தால் சிவப்பும் மஞ்சளும் கலந்த பட்டைக் கொடி காட்டுவதும், கவிழ்ந்த காரிடம் தீயணைப்பானோடு முதலில் ஓடுவதும் அவர்கள் வேலை. பந்தயம் நடத்தும் மோட்டார் கிளப்புகள் அதற்குரிய பயிற்சி கொடுத்துத்தான் அவர்களை வளைவில் நிற்க வைக்கும். சென்னை, கோவைக் கிளப்புகளுக்குக் அடையாள அட்டையின் நகலோடு ஒரு கடிதம் எழுதிக் கேள். இடம் கிடைத்தால், கட்டணம் செலுத்தி வந்திருக்கும் எங்கள் எல்லாரையும்விட அந்த வளைவுக்கு அருகில் நீதான் நிற்பாய்.